அம்மன் காடியின் இடது சக்கரம்

என் மகன் புதுக் காடி வாங்கியிருக்கிறான். பூசை போட, சிரம்பான் ரஹாங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டு போனோம். குருக்கள் பொட்டு வைத்து, நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். மகன் என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, "அப்பா, ஸ்டேரிங்கைத் திருப்பிப் பாருங்க" என்றான்.

ஒரு விரலை வைத்தேன். வழுக்கிக்கொண்டு போனது.

"எப்படிப்பா?"

"லேசா இருக்குய்யா."

"லேசாத்தானே இருக்கணும்? ஏன் மொகத்த அப்படி வெச்சிருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்குலா. சாமி புண்ணியத்துல நல்லபடியா ஓட்டு" என்று சொல்லி இறங்கிவிட்டேன். ஆனால் அன்று முழுக்க என் உள்ளங்கை எதையோ தேடிக்கொண்டே இருந்தது.

மகன் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்பில் இருப்பவர்கள், பழைய காடிகளுக்கு ஸ்டேரிங் வேலை பார்த்தது பற்றி எழுதித் தரச்சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு நின்றவன். எழுத்து முன்னே பின்னே இருக்கும். மாரியம்மா துணையிருக்க, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேலையைப் பற்றி ஆரம்பித்தாலும் அது எப்படியும் ஒரே காடியில்தான் போய் நிற்கும். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் பிறந்தேன். அப்பா பால் வெட்டினார், அம்மா பால் வெட்டினாள், எனக்கு மட்டும் கொசுக்கடி ஆகவில்லை. தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் டயர் கழற்றும் வேலை கிடைத்தது. டயர் கழற்றினேன், ரேடியேட்டர் கழுவினேன், திட்டு வாங்கினேன், கல்யாணம் ஆயிற்று, ஸ்பேனர் பிடிக்க விட்டார்கள். படித்த காலம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் எங்கள் மேலாளர் இம்மானுவேல் போர்மன் சொல்லிக்கொடுத்தது.

அவர் யாழ்ப்பாணத்தார். அவர் குடும்பத்தில் எல்லாரும் ஆபீஸ் கிராணியாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் இருந்தவர்கள். அவர் ஒருத்தர்தான் எண்ணெய்க்கை. வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு மாதா கோவிலுக்குப் போவார், திங்கட்கிழமை அதே மாதிரி சுத்தமாக ஒர்க்‌ஷாப்புக்கு வருவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எங்களையெல்லாம் "நீர்" என்றுதான் கூப்பிடுவார். "காளிமுத்து, கையைக் கழுவிப்போட்டு வாரும்" என்றால், ஏதோ பிழை செய்திருக்கிறேன் என்று அர்த்தம். கழுவிவிட்டு வருவதற்குள் பிழை எது என்று எனக்கே தெரிந்துவிடும். அதற்குத்தான் அனுப்புவார்.

ஸ்டேரிங் வேலைக்கு அவரிடம் ஒரு முறை உண்டு. காடி வந்தவுடன் ஜாக்கியைத் தேடக்கூடாது. வந்தவரையே மறுபடி ஓட்டச்சொல்வார், ஆள் நடக்கிற வேகத்தில். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், மட்கார்டில் கையை வைத்துக்கொண்டு இவரும் கூடவே நடப்பார். தலையைக் கொஞ்சம் சாய்த்திருப்பார். ஒர்க்‌ஷாப் களத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும்போது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கும். "காடி சொல்லுறதைக் கேட்டுப்போட்டுக் கழட்டும். கழட்டினாப் பிறகு அது கதைக்காது" என்பார்.

அதற்குப் பிறகுதான் ஜாக்கி. சக்கரத்தைத் தூக்கிவிட்டு, இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? அப்படியென்றால் ஸ்டேரிங் தண்டின் முனையிலிருக்கும் பந்து மூட்டு. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா? அது சக்கரத்து பேரிங்காக இருக்கலாம், சக்கரம் இடமும் வலமும் திரும்புகிற அச்சான கிங் பின்னாகவும் இருக்கலாம். உள்ளே ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுபோனால் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங் பின்.

மோரிஸ் மைனர் காடியில் அந்தக் கிங் பின் கீழே போய், மரை வெட்டிய ஒரு இரும்புக் குப்பிக்குள் திருகி நிற்கும். வெள்ளைக்காரன் அதற்கு ட்ரன்னியன் என்று பேர் வைத்திருக்கிறான். எங்கள் வாயில் அது தொன்னை ஆகிவிட்டது. பொங்கல் வாங்குகிற தொன்னை மாதிரிதான் குழிந்திருக்கும். அந்தப் பக்கத்துக் காடிப் பாரமெல்லாம் இந்தத் தொன்னை மரைமேல்தான். ஸ்டேரிங் திரும்பும்போதெல்லாம் பின் இதற்குள்தான் திரும்பும். கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேயும். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் பின் வெளியே கழன்றுவிடும். சக்கரம் கால் முறிந்த ஆடு மாதிரி மடங்கிப் படுத்துவிடும். எந்த வேகத்தில் போகும்போது, எந்த வளைவில் என்று யாராலும் சொல்ல முடியாது.

கிரீஸ் அடிப்பதற்கும் முறை இருக்கிறது. சக்கரம் தரையில் நிற்கும்போது அடித்தால், பாரம் அழுத்துகிற பக்கத்துக்குப் போகாது. தூக்கிவைத்து அடிக்க வேண்டும். பழைய கறுப்பு கிரீஸ் மேலே பிதுங்கி, புதுசு தெரியும்வரை அடிக்க வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் போர்மன் ஆளை நம்பமாட்டார். பிதுங்கியதை விரலால் தொட்டுப் பார்ப்பார்.

இனி அந்தக் காடி.

எங்கள் தோட்டத்துத் துரை ஊருக்குத் திரும்பிப் போகும்போது, தன்னுடைய மோரிஸ் மைனர் பிக்கப்பை மாரியம்மன் கோவிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இளம்பச்சை நிறம், பின்னால் திறந்த பெட்டி. துரைக்கு டிரைவராக இருந்த முத்தண்ணனே கோவிலுக்கும் டிரைவர் ஆனார். திருவிழாவில் அந்தப் பெட்டியில் பலகை போட்டு, வாழைமரம் கட்டி, அம்மனை வைப்போம். காலையில் பால்குடத்தோடு, தொழிலாளர் வீட்டு வரிசைகளை லயன் லயனாகச் சுற்றி வரும். சாயங்காலம் லுக்குட் வழியாக போர்டிக்சன் கடலுக்குப் போய்த் தீர்த்தமாடித் திரும்பும்.

முத்தண்ணனுக்கு அது வெறும் டிரைவர் வேலை இல்லை. அவர் சம்சாரம் பாக்கியத்தக்காவுக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று போய், இன்னொன்றும் போனது. கடைசியில் முத்தண்ணன் அம்மன் முன்னால் நின்று, "ஒண்ணைக் குடு, கை ஸ்டேரிங் பிடிக்கிற வரைக்கும் வருசா வருசம் உன்னைக் கடலுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்று வேண்டிக்கொண்டார். பெண்பிள்ளை பிறந்தது. மாரியாயி என்று பேர் வைத்தார்கள். ஒரு வருசம் தவறினாலும் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். பிள்ளையை மண்ணில் வைத்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் காடியை முத்தண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவரவே மாட்டார். எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். ஒரு வருசம் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. கோவில் தலைவராகவும் இருந்த தோட்டத்து மேஸ்திரி, மண்டோர், வற்புறுத்தியதால்தான் கொண்டுவந்தார். ரப்பர் ஆலை வளைவில் திரும்பும்போது முன்னால் ஏதோ நொடிக்கிற சத்தம் கேட்டதாம்.

போர்மன் வெளியே வந்தார். காடியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தது. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு கிட்டே போனார். நாங்களெல்லாம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். எங்கள் காலில் செருப்பு இருந்தது.

"ஓட்டும் முத்து" என்று இடது மட்கார்டில் கையை வைத்தார்.

ஒரு சுற்று முடிந்தது. "ஸ்டேரிங் கனமோ?"

"கனம்தான் போர்மன்" என்றார் முத்தண்ணன் சந்தோசமாக. "திருவிழா கிட்ட வர வர கனம் ஏறும். திருப்பினா தானா திரும்பி வராது, இழுத்து வெக்கணும். அம்மா ஏறி உக்காந்துட்டா அப்படித்தான். சாதாரண எடையா அவ? போன வருசம் கடலுக்குப் போயிட்டு வந்து ரெண்டு தோளும் தூக்க முடியல. பாக்கியம்தான் எண்ணெய் தேச்சு விட்டா."

நான் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டேன். போர்மன் என் பக்கம் திரும்பினார். "ஜாக்கி" என்றார்.

சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆடியது. முத்தண்ணனை பிரேக்கை மிதிக்கச் சொன்னோம். அப்பவும் ஆடியது. கிரீஸ் அடிக்கிற வாயான நிப்பலைத் துடைத்துப் பார்த்தேன், அதைச் சுற்றிப் பழுப்பாக, பலாப்பிசின் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். ஒர்க்‌ஷாப்பில் வரக்கூடாத வாசனை. கோவில் வாசனை.

"அண்ணே, இதுக்கு என்னா அடிக்கிறீங்க?"

"நல்லெண்ணெய்."

"என்னாது?"

"வெளக்குக்கு வாங்குற நல்லெண்ணெய்தான்லா. அம்மன் காடிக்கு கிரீஸா அடிப்பாங்க? கிரீஸு எதுல செய்யிறான்? மாட்டுக் கொழுப்புல. அதைப் பூசிட்டு அது மேல அம்மாவை ஒக்கார வெக்கச் சொல்றியா? நீயெல்லாம் சாமி கும்பிடுறவன்!"

துரை போன நாளிலிருந்து அந்தக் காடி கிரீஸ் கண்டதில்லை. நல்லெண்ணெய் மரைக்குள் காய்ந்து பிசினாகி, வழியையெல்லாம் அடைத்துவிட்டது. பின் வறண்டு போய்த்தான் திரும்பிக்கொண்டிருந்தது. கனம் ஏறியதற்கு அதுதான் காரணம் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததை வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போர்மனும் சொல்லவில்லை.

இடது பக்கத்தைக் கழற்றினோம். போர்மன் தரையில் கோணிச் சாக்கை விரிக்கச் சொன்னார். அதன் இடது ஓரத்தில்தான் இடது சாமான்களை வைக்க வேண்டும். தொன்னையைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே மரை என்று பேருக்குத்தான் இருந்தது. கிழவன் வாயில் ஈறு தெரிகிற மாதிரி மழமழவென்று இருந்தது.

"இந்த முறை கடலுக்குப் போயிருந்தா?" என்றார் முத்தண்ணன் சின்னக் குரலில்.

"போயிருக்கலாம்" என்றார் போர்மன். "திரும்பி வந்திருப்பீரோ தெரியேல்லை."

லுக்குட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த சீன முதலாளி தவுக்கேயிடம் மைனர் சாமான் கிடைக்கும். ஆனால் அவர் இடது வலது எல்லாவற்றையும் ஒரே பிஸ்கட் டின்னில்தான் போட்டு வைத்திருப்பார். இடது சக்கரத்துக்கு இடது மரை, வலது சக்கரத்துக்கு வலது மரை. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பின்னை நட்டமாகத் தூக்கிப் பிடித்து மரைக் கோட்டைப் பார்க்க வேண்டும். கோடு வலது கைப்பக்கம் ஏறிப்போனால் வலது, இடது கைப்பக்கம் ஏறினால் இடது. தவுக்கே எல்லாம் ஒன்றுதான் என்று சத்தியம் பண்ணினார். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, மரை நல்லபடியாக இருந்த ஒரு இடது பின்னையும் தொன்னையையும் சோடியாக எடுத்து வந்தேன். மேலெல்லாம் பழைய கிரீஸ் கட்டியாக அப்பியிருந்தது.

முத்தண்ணன் பார்த்தார். காடிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"இது ஏறாது."

"சரியான பக்கம்தாண்ணே. மரை பாத்துதான் எடுத்தேன்."

"மரையைச் சொல்லல. கிரீஸு தின்னு வளந்த இரும்பு. காப்புக் கட்டின காடியில ஏத்த மாட்டேன்."

"கழுவித் தரேன்."

"கழுவிட்டு? அப்புறம் எதை ஊத்துவ? மறுபடியும் கிரீஸுதானே?"

மண்டோர் சலித்துப் போனார். "முத்து, தகராறு பண்ணாத. இந்த வருசம் லாரியில கொண்டு போவோம். லாரிக்குத் தனி டிரைவர் இருக்கான்."

முத்தண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப எம் புள்ள?" என்றார். அவ்வளவுதான்.

பிறகு போர்மனைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. உங்க மாதா மேல ஆணையாச் சொல்லுங்க, கிரீஸுல கொழுப்பு இல்லன்னு. ஒத்துக்கறேன்."

நான் போர்மனையே பார்த்தேன். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஒரு நல்ல காரியத்துக்குத்தானே. என் மனசெல்லாம் 'சொல்லுங்க, சொல்லுங்க' என்று அடித்துக்கொண்டது.

அவர் கையைத் துணியில் ரொம்ப நேரம் துடைத்தார். "எனக்குத் தெரியாது முத்து. டப்பாவில எழுதேல்லை. இருக்கவும் கூடும். தெரியாததுக்கு ஆணை வைக்க ஏலாது."

மண்டோர் தலையில் அடித்துக்கொண்டார். போர்மன் திரும்பி, உள்ளே மூலையிலிருந்த டின்னுக்குப் போனார். ஒரு குவளையில் எதையோ ஊற்றிக்கொண்டு வந்து முத்தண்ணன் முன்னால் குந்தினார். கியர் பெட்டிக்கு ஊற்றுகிற எண்ணெய். தேன்பாகு மாதிரி கெட்டியாக இருக்கும்.

"இதை மோந்து பாரும். போர்டிக்சனில ரிஃபைனரி இருக்குதெல்லோ? அந்த மாதிரி இடத்தில காய்ச்சி எடுக்கிறது. என்ரை அறிவுக்கு எட்டினவரை இது நிலத்துக்கு அடியில இருந்து வாறது. ஆடுமில்லை, மாடுமில்லை."

"பூமியிலேருந்தா?"

"ஓம்."

"கிரீஸு மாதிரி நிக்குமா?"

"நிக்காது. வடிஞ்சு போகும். அதாலை கிழமைக்கு ஒருக்கா சக்கரத்தைத் தூக்கிவைச்சு அடிக்கவேணும். ஒரு கிழமை தவறினாலும் நான் பொறுப்பில்லை."

முத்தண்ணன் அந்தக் குவளையில் விரலை விட்டு, விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை அடிக்கிறேன்" என்றார்.

கழுவுகிற வேலை எனக்கு. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்தேன். முத்தண்ணனுக்குப் பற்றவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் என் சம்சாரத்திடம் சீயக்காய் கேட்டேன். "எந்த இரும்புக்கு எண்ணெய்க் குளியல்?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அந்தத் தொன்னையைக் குளிப்பாட்டினேன். மஞ்சள் தண்ணீரிலும் ஒரு முக்கு. துரு ஏறிவிடக்கூடாதே என்று உடனே துடைத்து, கியர் எண்ணெயில் போட்டேன். மறுநாள் மாட்டினோம். பின் தொன்னைக்குள் ஏறியதை இப்போது நினைத்தாலும் விரல் நுனியில் தெரிகிறது. தடங்கலே இல்லாமல், வெண்ணெய்க்குள் போகிற மாதிரி ஏறியது. வலது பக்கத்திலிருந்த பிசினையும் மண்ணெண்ணெய் விட்டு எடுத்தோம். அங்கே மரை பிழைத்திருந்தது.

வேலை முடிந்து போர்மன் சப்பாத்தை மாட்டும்போது நான் கேட்டேன், "நீங்க ஏன் போர்மன் சப்பாத்தைக் கழட்டினீங்க? நீங்க வேதக்காரராச்சே."

"நாங்களும் மாதாவைச் சோடிச்சுத் தூக்கிக்கொண்டு போறனாங்கள்தானே. இது ஒரு தாய் ஏறுற வண்டி" என்றார். பிறகு, "திருவிழா அண்டைக்கு நீர் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில நடவும். மட்கார்டில இருந்து கையை எடுக்காதேயும். புதுசா மாட்டின சாமான்" என்றார்.

திருவிழாக் காலை. அம்மனுக்குப் பட்டுச்சேலை, அரளி மாலை. உறுமி மேளம் அடித்தது. பால்குடம் எடுக்கிற பெண்கள் மஞ்சள் சேலையில் காடிக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். முன் வரிசையில் பாக்கியத்தக்கா, அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் மாரியாயி. நான் குளித்து விபூதி பூசிக்கொண்டு, இடது மட்கார்டில் கையை வைத்தேன். முத்தண்ணன் தேங்காய் உடைத்துவிட்டு ஏறினார். காடி நகர்ந்தது.

கோவில் வளைவில் ஸ்டேரிங்கைத் திருப்பினார். அப்படியே பிரேக்கை மிதித்துவிட்டார். உறுமி மேளம் தடுமாறி நின்றது.

"என்னாண்ணே?"

அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. "லேசா இருக்கு காளி."

"என்னா லேசா இருக்கு?"

"ஸ்டேரிங்கு. தொட்டா திரும்புது. விட்டா தானா வருது. கனமே இல்ல." ஸ்டேரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அம்மா ஏறலடா. என்னமோ பண்ணிட்டீங்கடா. அவ ஏறல."

என்ன சொல்வது? கனம் அம்மன் இல்லை, காய்ந்துபோன நல்லெண்ணெய் என்று அந்த இடத்தில் சொல்ல முடியுமா? என் கை மட்கார்டிலேயே இருந்தது. எஞ்சினின் அதிர்வு மட்டும் கைக்குத் தெரிந்தது. மண்டோர் ஓடி வந்தார். பூசாரி கற்பூரத் தட்டோடு விழித்தார். வேதக்காரர் கை பட்டுவிட்டது, அதுதான் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். தூரத்தில் ஆலைச் சுவரோரம் நின்றுகொண்டிருந்த போர்மன் தலையைக் குனிந்துகொண்டார். முத்தண்ணன் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கால் இறங்கியிருந்தால் அந்த வருசம் போனது, வேண்டுதலும் போனது.

பின்னாலிருந்து பாக்கியத்தக்காவின் குரல் வந்தது.

"யோவ்! என்னாத்துக்கு நிறுத்தின?"

"லேசா இருக்கு பாக்கியம். அம்மா..."

"ஒனக்கு லேசா இருக்கா? இங்க வந்து இந்தக் கொடத்தைத் தூக்கிப் பாருய்யா! கழுத்து இத்துப் போவுது. ஒங்கிட்டேருந்து எறங்கி எங்க தலையில ஏறிட்டா அவ. வருசா வருசம் நீ மட்டும்தான் தூக்கணுமா? நாங்க தூக்கக்கூடாதா? தாரு சுடுது, கால் வேவுது, ஓட்டுய்யா!"

பிறகு அந்த மஞ்சள் வரிசையில் யாரோ ஒருத்தி குலவை போட்டாள். இன்னொருத்தி, "எனக்கும் கனக்குதடி!" என்று கத்தினாள். அதற்கப்புறம் எல்லாப் பெண்களும் குலவை. உறுமி மேளக்காரன் தானாக ஆரம்பித்துவிட்டான்.

முத்தண்ணன் திரும்பித் தன் சம்சாரத்தைப் பார்த்தார். அவள் தலையில் குடம், முகமெல்லாம் வேர்வை, கண்ணில் கோபம். கீழே வைத்த காலை உள்ளே எடுத்துக்கொண்டார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார்.

நான் நடந்தேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை தாண்டி, ஆலை வளைவு தாண்டி, மேட்டு லயன், கீழ் லயன் எல்லாம் நடந்தேன். கைக்கு ஒரு நொடிப்பும் தெரியவில்லை. ஆலை வளைவில் போர்மன் நின்றிருந்தார். காடி அவரைக் கடக்கும்போது தலையைச் சாய்த்தார், கேட்டார், சரி என்பதுபோல் விரலைத் தூக்கினார். சாயங்காலம் கடலுக்குப் போகும்போது நான் பின்னால் லாரியில் நின்றுகொண்டு இடது சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போர்டிக்சனில் அலை நுரையில் அம்மனை இறக்கியபோது முத்தண்ணன் மாரியாயியைத் தோளில் உட்காரவைத்திருந்தார். அவருக்குத் தோள் வலிக்காமல் இருந்தது அந்த வருசம்தான் முதல் முறை.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு திருவிழாவிலும் அந்த இடது மட்கார்டு என்னுடைய இடம். யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் வேறு யாரும் அங்கே நிற்க மாட்டார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முத்தண்ணன் சக்கரத்தைத் தூக்கிவைத்து எண்ணெய் அடிப்பார். பக்கத்தில் ஒரு ஊதுபத்தி எரியும்.

தோட்டத்தை விற்றார்கள். மரம் போனது, லயன் போனது. கோவிலைத் தாமான் என்கிற புதுக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். நல்ல கோவில், குறை சொல்லக்கூடாது. இப்போது அம்மன் விளக்கு அலங்காரம் செய்த பெரிய லாரியில் போகிறாள், பின்னால் ஜெனரேட்டர் போகிறது. நானும் போகிறேன், கும்பிடுகிறேன். நடக்கும்போது என் இடது பக்கம் எதற்கோ காலியாக இருக்கும். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொள்வேன். இம்மானுவேல் போர்மன் சிரம்பானில் அடங்கியிருக்கிறார். கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி கொண்டுபோய் வைப்பேன். செருப்பை வெளியிலேயே கழற்றிவிடுவேன். முத்தண்ணன் கை ஸ்டேரிங் பிடிக்கிற வரைக்கும் ஓட்டினார். அவர் காலமான பிறகு கோவில்காரர்கள் பச்சைக் காடியைப் பாக்கியத்தக்காவுக்கே கொடுத்துவிட்டார்கள். அப்புறம் அது என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இரும்புக் கடை என்று பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான்.

என் மகன் காடிக்குப் பூசை போட்ட அதே வாரம் போன் வந்தது. மாரியாயி. இப்போது கிள்ளானில் நர்ஸாக இருக்கிறாள், அம்மாவும் அவளோடுதான். "மாமா, அப்பா காடிய வாங்கினவரு ஸ்டேரிங் பாக்க ஆள் தேடுறாரு. ஒங்க பேரைக் குடுத்துட்டேன். கோவிச்சுக்காதீங்க."

போர்டிக்சன் போனேன். மகன்தான் கொண்டுபோய் விட்டான். வாங்கியவர் ராணுவ முகாமில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர், அப்துல் ரஹிம். வீட்டு முன்னால் ரம்புத்தான் மரத்தடியில் காடி நின்றது. அதே பச்சை. கிட்டே போகாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

அவர் மலாயில் பேசினார். கெட்டுப் போனதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனால் வயசான காடி, தெரிந்த ஆள் ஒருவர் பார்த்தால் மனசுக்கு நிம்மதி என்றார். நான் கிரீஸ் எப்போது அடித்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். "கிரீஸ் கூடாது அங்கிள், மினியாக் மட்டும். எண்ணெய்தான். வித்த அம்மா சாவி குடுக்கும்போது சொன்னாங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை, சக்கரத்தைத் தூக்கிவெச்சு. நான் தொழுகைக்குப் போறதுக்கு முன்னாடி அடிச்சிடுவேன். ஏன்னு கேட்டேன், அவங்க சிரிச்சாங்க. உங்களுக்குத் தெரியுமா ஏன்னு?"

"பழைய வழக்கம்" என்று மட்டும் சொன்னேன்.

"சரி, ஏறுங்க. நீங்களே ஓட்டிப் பாருங்க."

"நீங்க ஓட்டுங்க. மெதுவா. நான் கூட நடந்து வரேன்."

செருப்பைக் கழற்றி ரம்புத்தான் மரத்தடியில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டுக் காடியில் ஏறினார். இடது மட்கார்டில் கையை வைத்தேன். வெயிலில் சூடாக இருந்தது. காடி நகர்ந்தது. அந்தத் தாமான் சாலையில் நடந்தோம், நானும் காடியும். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டேன்.

முனையில் அவர் திருப்பினார். ஜன்னல் வழியாக, "சத்தம் கேக்குதா அங்கிள்?" என்றார்.

"இல்ல. ஒரு சத்தமும் இல்ல."

"அப்ப ஏறுங்களேன், ஏன் வெயில்ல நடக்கிறீங்க?"

"இன்னும் ஒரு சுத்துப் போங்க" என்றேன்.